கீக் கீக் வேதாந்தம்

மயிலாப்பூர், அபிராமபுரம், அடையாறு, தியாகராய நகர் ஆகிய வட்டாரங்களில் சமீப காலமாக ஒரு புதிய மனித இனம் பெருகி வருகிறது. பார்த்தால் நம்மைப் போலவே இருப்பார்கள். நம்மைப் போலவே காலையில் காபி குடித்து, பேப்பர் படித்து, மின்வெட்டைத் திட்டுவார்கள். வித்தியாசம் வலது கை ஆள்காட்டி விரலில்தான். அதில் ஒரு வளையம் மாட்டியிருக்கும், அந்த வளையத்தில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி தொங்கும், அது ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். இவர்தான் ரிமோட் சாவிக்காரர்.

கார் வைத்திருப்பவர்களெல்லாம் இந்த இனம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். கார் நம் ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறது. சாவியும் இருந்தது. கதவுக்கு ஒன்று, இஞ்சினுக்கு ஒன்று, டிக்கிக்கு ஒன்று என்று மூன்றையும் ஒரு கயிற்றில் கோத்து, இருட்டில் எது எது என்று தடவித் தடவி, கடைசியில் பீரோ சாவியை நுழைத்துப் பார்த்துவிட்டு அசடு வழிந்தவர்கள் அவர்கள். அப்புறம் ஒரே சாவி எல்லாவற்றையும் திறக்கும் சின்ன கார்கள் வந்தன. தலையில் கறுப்பு பிளாஸ்டிக் தொப்பி போட்ட அந்தச் சாவியைக் கொஞ்ச காலம் மேஜைமேல் போட்டு அழகு பார்த்தார்கள். பிறகு அதுவும் சலித்துப்போனது. சாவி என்றால் என்ன? திறக்கும், மூடும். அதில் என்ன பெருமை இருக்கிறது? பெருமை வேண்டுமென்றால் தூரத்திலிருந்து திறக்க வேண்டும், தூரத்திலிருந்து மூட வேண்டும், அதற்கு ஒரு சத்தமும் வர வேண்டும்.

சத்தம் வந்தது. பூட்டினால் ஒரு கீக். திறந்தால் இரண்டு கீக்.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி எங்கள் அபிராமபுரம் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே, எனக்கு நேர் எதிர் வீட்டிலேயே கிடைத்தது நான் செய்த பாக்கியம். பெயர் வேதாந்தம். ஒரு பெரிய ஆபீஸில் டெபுடி மேனேஜர். ஐந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்த தன் வெள்ளைக் காரை, போன ஆடி மாசம் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடுக்குக் கொண்டுபோய், அன்வர் பாஷா என்கிற மெக்கானிக்கிடம் கொடுத்து, அதற்குள் ஒரு தைவான் ரிமோட் பூட்டைப் பொருத்திக்கொண்டு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். பாஷா நிதானமான மனிதர். நான்கு கதவுகளையும் பிரித்து, ஒயர் இழுத்து, மறுபடி மூடி, பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னார்.

“சார், தண்ணி கிண்ணி படாம பாத்துக்கங்க. அப்புறம், இதோ சாவியும் இதே வளையத்துலதான் இருக்கு, அதுவும் எப்பவும்போல வேல செய்யும். ஆனா ரிமோட்ல பூட்டிட்டு சாவியால தொறந்தீங்கன்னா திருடன்னு நினைச்சுக்கிட்டு சைரன் கத்தும். அது ஒண்ணுதான்.”

வேதாந்தம் தலையை ஆட்டினார். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. அவர் கட்டைவிரல் அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது.

அன்று முதல் அவர் காரைப் பூட்டும் விதமே தனி. முன்பெல்லாம் இறங்குவார், பூட்டுவார், போவார். இப்போது இறங்குகிறார், கதவைச் சாத்துகிறார், சாத்தியதை மறந்துவிட்டவர் போலப் பத்தடி நடக்கிறார், நடந்துகொண்டே தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் கணக்கெடுக்கிறார், பிறகு திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் முதுகுப் பக்கமாக நீட்டி ஒரு அமுக்கு அமுக்குகிறார். கீக்! கார் நான்கு மூலையிலும் கண்ணடிக்கிறது. யாராவது திரும்பிப் பார்த்தால் சரி. பார்க்காவிட்டால்? எதையோ மறந்தவர் மாதிரி நெற்றியைத் தட்டிக்கொண்டு திறப்பார், மறுபடி பூட்டுவார். கீக் கீக்! கீக்! பாண்டி பஜாரில் ஒரு நாள் யாருமே பார்க்காமல் அவர் ஏழு தடவை நெற்றியைத் தட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தப் பெட்டி இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மோர் பரிமாறுபவர் குனியும்போதெல்லாம், “பாத்து, பாத்து, எலெக்ட்ரானிக் ஐட்டம்” என்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து முடியும். நீங்கள் வெங்காய விலையைப் பற்றிப் பேசிப் பாருங்கள். “வெங்காயத்தை விடுங்கோ சார், சிங்கப்பூர்ல என் மச்சினன் வாங்கியிருக்கான், சாவிக்குள்ளயே சிப் இருக்கு. அந்தச் சிப் இல்லாம டூப்ளிகேட் சாவி போட்டா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஜெர்மனியில அதுவும் போச்சு. ஒரு அட்டையைப் பையில வெச்சுண்டு கைப்பிடியைத் தொட்டாப் போறுமாம், கதவு தொறந்துடுமாம். இனிமே உலகத்துல சாவியே கிடையாது சார்!” என்பார். சாவியே இல்லாத உலகத்தில் இவர் எதைச் சுழற்றுவார் என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

சரி, இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். வேதாந்தத்துக்குப் பக்தி அதிகம். பூஜையறையில் ரிமோட்டுக்கு ஒரு சின்ன வெள்ளித் தட்டு உண்டு. ஆயுத பூஜையன்று எல்லா ஆயுதங்களுக்கும் வைப்பதுபோல அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கத்தரிக்கோலுக்கும் அரிவாள்மணைக்கும் வைக்கிறோம், இதற்கு வைத்தால் என்ன? ஆனால் கத்தரிக்கோலுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான். இவர் வெள்ளிக்கிழமைதோறும் வைக்க ஆரம்பித்தார். அதுவும் சும்மா ஒரு பொட்டு இல்லை. நன்றாகக் குழைத்து, பன்னீர் தெளித்து, பொத்தானைச் சுற்றி வட்டமாக.

வேதாந்தத்தின் மனைவி காமாக்ஷி வீணை வாசிப்பவர். இருபது வருஷமாக அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு ஹாலில் பாய் விரித்துச் சொல்லிக் கொடுத்து வருகிறார். அவரிடம் படித்த இரண்டு பெண்கள் இப்போது பெரிய சபாக்களில் வாசிக்கிறார்கள். காமாக்ஷிக்கு மட்டும் மேடை கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சபா ஒன்றுக்கு ஒன்பது வருஷமாக விண்ணப்பம் போட்டார். ஒன்பதாவது வருஷம், போன மார்கழியில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை வாசிக்கலாம் என்று கடிதம் வந்தது. மத்தியான வேளையில் சபாவுக்கு யார் வருவார்கள்? கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசர இடம் தேடுபவர்கள்தான் வருவார்கள். இருந்தாலும் அந்த அம்மாள் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு மாசம் நடமாடினார். எனக்கே அதை மூன்று தடவை எடுத்துக் காட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. கச்சேரி நன்றாக நடக்க வேண்டுமே என்று வேதாந்தம் அன்று காலை விசேஷமாகச் சந்தனம் அரைத்தார். வீணைக்கு என்று நினைத்தீர்களா? ரிமோட்டுக்கு. வண்டி வழியில் மக்கர் பண்ணக்கூடாதாம்.

பின் ஸீட்டில் வீணை குறுக்காகப் படுத்திருந்தது. மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் பட்டுப்புடைவை கசங்காமல் காமாக்ஷி ஒடுங்கியிருந்தார். முன்னால் நான், மடியில் சுருதிப் பெட்டி. பதினொன்றே காலுக்குச் சபா வாசலில் இறங்கினோம். காமாக்ஷி என்னிடமிருந்து சுருதிப் பெட்டியை வாங்கிக்கொண்டு, “ஏன்னா, வீணையை உள்ளே கொண்டு வந்துடுங்கோளேன்” என்றார்.

“நீ போய் மேடையைப் பாரு. அங்க கண்டவா வருவா போவா. வீணை வண்டியிலேயே இருக்கட்டும். இதைவிடப் பத்திரமான இடம் மெட்ராஸ்ல கிடையாது” என்றார் வேதாந்தம். கீக்!

அந்தச் சத்தத்துக்குச் சபா காரியதரிசி வெங்கடரமணன் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், போதாதா? “சார், இதைப் பாத்தேளா?” என்று வேதாந்தம் அவரை இழுத்து வந்து நிறுத்திக்கொண்டார். திறந்து காட்டினார். பூட்டிக் காட்டினார். பத்தடி தள்ளிப் போய்த் திறந்தார், கேன்டீன் வாசலுக்குப் போய்ப் பூட்டினார், மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று திறந்தார். முதல் கீக்கையும் சேர்த்து நான் எண்ணினேன், பத்து முறை. வெங்கடரமணன் மரியாதைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராவது முறை பூட்டியபோது, காலையில் குழைத்த ஈரச் சந்தனம் பொத்தானோடு சேர்ந்து உள்ளே போயிற்று. போன பொத்தான் வெளியே வரவில்லை.

பன்னிரண்டாவது முறை கீக் இல்லை.

வேதாந்தம் உதறினார். ஊதினார். வேஷ்டியில் தேய்த்தார். இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அமுக்கினார். காரின் நான்கு திசையிலும் போய் நின்று அமுக்கினார். “மரம் மறைக்கிறது” என்றார். “வெயில்ல வண்டி சூடாயிடுத்து” என்றார். “பக்கத்துல யாரோ செல்போன் வெச்சிண்டிருக்கா, அதான்” என்றார். வெங்கடரமணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “பன்னெண்டுக்குத் திரை தூக்கிடுவேன் சார். அஞ்சு நிமிஷம் பொறுப்பேன். மேல ஆனா அடுத்த கச்சேரிக்காராளை ஏத்திடுவேன், அவா ரெடியா இருக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மணி பதினொன்று நாற்பது.

கூட்டம் கூடிவிட்டது. கேன்டீனிலிருந்து தோசையைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவாமலே வந்தவர்கள் இருந்தார்கள். கண்ணாடி வழியாக வீணையை எட்டிப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் பேட்டரி மாற்றச் சொன்னார். ஒருவர் வேறு ரிமோட்டால் முயன்று பார்க்கலாம் என்று தன் வீட்டு டி.வி. ரிமோட்டை ஞாபகப்படுத்திக்கொண்டார். எல்லோரும் பட்டதாரிகள். இரண்டு பேர் இஞ்சினியர்கள்.

வாசலில் ஆட்டோவை நிறுத்தியிருந்த பக்கிரி என்கிறவர் பின் ஸீட்டில் கால்மேல் கால் போட்டு இதையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கி வந்தார்.

“சார், கோச்சுக்காத. உன் ரிமோட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு தொங்கிக்கினு கீதே, அது இன்னா சார்?”

எல்லோரும் பார்த்தோம். சாவி. ஒன்றரை அங்குல நீளம், கறுப்புத் தொப்பி. இருபத்தைந்து நிமிஷமாக எங்கள் மூக்குக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

“அது எமர்ஜென்ஸிக்கு” என்றார் வேதாந்தம்.

“அப்ப இது இன்னா சார்?”

வேதாந்தத்துக்கு முகம் சிவந்துவிட்டது. சாவியைப் போட்டால் சைரன் கத்தும் என்றார். இவ்வளவு பெரிய மனுஷர்கள் நடுவில் திருட்டு வண்டி மாதிரி கத்தினால் மானம் போய்விடும் என்றார். ஆட்டோவில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு போய் பாஷாவை அழைத்து வந்துவிடலாம், போக அரைமணி, வர அரைமணி என்றார். நடுவில் ஒரு கச்சேரி இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். எனக்கும் பாஷா சொன்னது நன்றாக நினைவிருந்தது. இருந்தும் வேடிக்கை பார்த்தேன். வேடிக்கை அவ்வளவு நன்றாக இருந்தது.

அதற்குள் காமாக்ஷி வெளியே வந்தார். சுருதிப் பெட்டியை மேடையில் வைத்துவிட்டு, மிருதங்கக்காரருக்கு நமஸ்காரம் சொல்லிவிட்டு, வீணை ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க வந்திருக்கிறார். பூட்டிய காரையும் கூட்டத்தையும் கணவர் கையையும் பார்த்தார்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்லே காமு, சின்ன டெக்னிகல் பிராப்ளம். நீ காரியதரிசிகிட்டச் சொல்லி ஒரு மணிக்கு மேல தள்ளிக்கோயேன். இல்லேன்னா அடுத்த வருஷம் தராமலா போயிடுவா?”

அந்த அம்மாள் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அன்றும் அதிர்ந்து பேசவில்லை. “மணி பதினொண்ணு அம்பத்தஞ்சு” என்றார். “சாவியைக் குடுங்கோ.”

“சைரன் அடிக்கும் காமு!”

“அடிக்கட்டும்.”

அவர் கொடுக்கவில்லை. ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டார். காமாக்ஷி அந்த விரலைப் பிரித்து, வளையத்தை உருவி, சாவியைக் கதவில் போட்டுத் திருப்பினார். கதவு திறந்தது. உடனே சைரன் கத்தியது. கத்தியது என்று எழுதினால் உங்களுக்குப் புரியாது. மரத்தில் இருந்த காக்கை எல்லாம் பறந்தது, கேன்டீனில் ஒரு டம்ளர் விழுந்தது. அதற்கெல்லாம் காமாக்ஷி திரும்பவே இல்லை. வீணையின் தண்டைப் பிடித்து இழுத்தார். குடம் ஸீட்டில் மாட்டிக்கொண்டது.

“நான் தொடலாமாம்மா?” என்றார் பக்கிரி.

“பிடிங்கோ, சீக்கிரம் பிடிங்கோ.”

ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் இவருமாகத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினார்கள். பன்னிரண்டு அடிக்கும்போது காமாக்ஷி மேடையில் இருந்தார்.

கச்சேரி தொடங்கியது. அதை உள்ளே யாரும் கேட்டிருக்க முடியாது. கதவைச் சாத்திப் பூட்டிப் பார்த்தும் சைரன் நிற்கவில்லை. அரை நிமிஷம் கத்தும், பத்து விநாடி மூச்சு வாங்கும், மறுபடி கத்தும். அந்தப் பத்து விநாடியில் மட்டும் சபா வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி வழியாக வர்ணத்தின் துண்டு ஒன்று வந்து காதில் விழும். உடனே சைரன் அதை அமுக்கிவிடும். வேதாந்தம் வண்டியின் கூரையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த பக்கிரி, “பானட்டத் தொற சார். பேட்டரி ஒயரக் கழட்டுனா கம்முனு ஆயிடும்” என்றார்.

“வேண்டாம், வேண்டாம்! ஒயர்ல வேற ஆள் கை வெச்சா வாரண்டி போயிடும்!”

நண்பர்களே, அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை சிரிப்பாக இருந்தது, உண்மைதான். ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரு மணி நேரத்தில் கால் மணி ஏற்கெனவே போய்விட்டது, இந்த மனிதர் தைவான்காரன் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டை நினைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு நாக்கு எழவில்லை. பக்கிரிக்கு எழுந்தது.

“வாரண்டி இன்னா சார் வாரண்டி! அந்தம்மா உள்ள வாசிக்குது, நம்ம காதுல வுழ வேணாமா? நவுரு” என்று அவரை ஒதுக்கிவிட்டு, கதவுக்குள் கைவிட்டு பானட்டை விடுவித்து, ஒரு திருகு, ஒரு இழுப்பு. சைரன் பாதிக் கத்தலில் நின்றது.

அப்போது ஒலிபெருக்கியில் கரகரப்ரியா வந்தது. நான் சங்கீதம் தெரிந்தவன் இல்லை. ஆனால் எதிர் வீட்டு ஹாலில் இருபது வருஷம் குழந்தைகளின் அபஸ்வரங்களுக்கு நடுவில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது, அதை நான் கதவைச் சாத்திக்கொண்டு கேட்காமல் இருந்திருக்கிறேன் என்று மட்டும் புரிந்தது. கேன்டீன் கூட்டம் அப்படியே உள்ளே போயிற்று. உள்ளே இடம் இல்லாமல் நின்றார்கள் என்று பிறகு சொன்னார்கள். பக்கிரி ஒரு சவாரியை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு ஒலிபெருக்கிக்குக் கீழே குத்த வைத்து உட்கார்ந்தார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வேதாந்தம் வரவில்லை. அவர் காருக்குள் உட்கார்ந்து ஊக்கால் சந்தனத்தை நோண்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குக் கைதட்டல் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. காமாக்ஷி வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை. சுற்றிலும் நான்கைந்து பேர் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவர் அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே நேரே வேதாந்தத்திடம் வந்து நின்றார். சும்மா நின்றார்.

வேதாந்தம் கார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

“கேட்டுது காமு! பிரமாதமாக் கேட்டுது!”

காமாக்ஷிக்குச் சட்டென்று ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். “நிஜமாவா? எது? கரகரப்ரியாவா?”

“சைரன்டி! ரெண்டு தெரு தள்ளிக் கேட்டுதாம். இப்பத்தான் ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போறார். என்ன பவர் பாரு!”

காமாக்ஷி பக்கிரி பக்கம் திரும்பி, “அபிராமபுரம் வரேளா?” என்றார். வீணையும் அவரும் ஆட்டோவில் போனார்கள். நானும் அதிலேயே ஒண்டிக்கொண்டேன். வழியில் பக்கிரி மேடு பள்ளம் வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தாத குறையாக மெதுவாக ஓட்டினார்.

உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். வரட்டும். என்னிடம் காரே இல்லை, எனக்கென்ன என்று நினைத்திருப்பீர்கள். கார் இதில் ஒரு விஷயமே இல்லை. ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டிலும் ஒருவர் என்றைக்காவது தன்னால் முடிந்த ஒன்றை நன்றாகச் செய்து முடித்துவிட்டு, வியர்வையைக்கூடத் துடைக்காமல், உங்கள் முன்னால் வந்து சும்மா நின்றிருப்பார். அன்று நீங்கள் எதைப் பற்றிப் பேசினீர்கள்?

அவசரமில்லை, நிதானமாக யோசியுங்கள். அப்படி யாரும் வந்து நின்றதாகவே ஞாபகம் இல்லை என்றால், வேதாந்தத்தைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் ஞாபகம் இல்லை.